எந்த ஃபோல்டரில் நிற்கிறாய்?

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் பார்த்தேன். “லேப்டாப்பை ஃபார்மட் பண்ணிரட்டா மாமா?” என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் தாயி. அதில் எதுவும் கெட்டுப்போகவில்லை.

நடந்தது இதுதான். அணை நீர்மட்ட ப்ராஜெக்டுக்கென்று ஒரு ஃபோல்டர் திறந்து, அதற்குள் போய் ‘கிட் இனிட்’ கொடுத்திருக்க வேண்டும். நீ பவர்ஷெல்லைத் திறந்ததும் அது எங்கே கொண்டுபோய் நிறுத்தியதோ அங்கேயே நின்று கொடுத்துவிட்டாய். அது விண்டோஸ் உன் பெயரில் வைத்திருக்கும் மொத்த வீட்டு ஃபோல்டர். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், அக்கா கல்யாணப் படங்கள், செமஸ்டர் நோட்ஸ் எல்லாம் இப்போது கிட்டின் பார்வைக்குள் வந்துவிட்டன. விஎஸ் கோடின் ஓரத்தில் பத்தாயிரத்துக்கு மேல் என்று ஒரு எண் நிற்பதற்கு அதுதான் காரணம். அதைக் கழற்றுவதற்கு யூடியூபில் பார்த்த கட்டளையை அடித்திருக்கிறாய். பவர்ஷெல் சிவப்பு எழுத்தில் மறுத்துவிட்டது. அதே வரி உன் தோழியின் உபுண்டுவில் ஒரு வார்த்தை பேசாமல் வேலையை முடித்தது. உனக்கு வந்த குழப்பம் நியாயமானது.

முதலில் ஒன்று. இந்த நிலையில் விஎஸ் கோடில் ‘டிஸ்கார்ட் ஆல் சேஞ்சஸ்’ என்று எது கண்ணில் பட்டாலும் தொடாதே. ‘மாற்றங்களை விட்டுவிடு’ என்றுதானே சொல்கிறது, விட்டால் பழைய நிலைக்குப் போய்விடும் என்று தோன்றும். ஆனால் கிட்டைப் பொறுத்தவரை, இன்னும் அதனிடம் ஒப்படைக்காத ஒவ்வொரு ஃபைலும் ஒரு ‘மாற்றம்’. விட்டுவிடு என்றால் அந்த ஃபைல்களை அழி என்று பொருளாகும். 2017இல் ஒரு நிரலாளர் இப்படி அழுத்தி மூன்று மாத உழைப்பை இழந்தார். அதற்குப் பிறகு அந்த எச்சரிக்கை வாசகத்தையே திருத்தினார்கள். டெர்மினலில் ‘கிட் க்ளீன்’ என்றொரு கட்டளை உண்டு. அதுவும் இதே ரகம். வீட்டு ஃபோல்டரில் நின்றுகொண்டு அதைக் கட்டாயப்படுத்தும் விருப்பங்களோடு கொடுத்தால் கல்யாணப் படங்கள் மிஞ்சாது. நீ இதுவரை எதையும் கமிட் செய்யாததும் கிட்ஹப்புக்கு ஏற்றாததும் பெரிய நிம்மதி. ஏற்றியிருந்தால் இங்கே அழித்து மட்டும் பயனில்லை. அங்கே போன கடவுச்சொற்களையும் சாவிகளையும் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியிருக்கும்.

இனி கழற்றும் வேலை. ‘கிட் இனிட்’டைத் திரும்பப் பெற கிட்டில் தனிக் கட்டளை கிடையாது. கிடையாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கட்டளை செய்தது ஒரே ஒரு காரியம்: நீ நின்ற இடத்தில் ‘புள்ளி கிட்’ என்ற பெயரில் ஒரு ஃபோல்டரை உண்டாக்கியது. உள்ளே ‘ஹெட்’ என்று ஒரு ஃபைல், ‘கான்ஃபிக்’ என்று ஒரு ஃபைல், ‘ஆப்ஜெக்ட்ஸ்’, ‘ரெஃப்ஸ்’, ‘ஹூக்ஸ்’ என்று சில ஃபோல்டர்கள், அவ்வளவுதான். கமிட், பிராஞ்ச், ஸ்டாஷ் என்று நீ இனிமேல் கற்கப்போகும் எல்லாமே அந்த ஒரு ஃபோல்டருக்குள்தான் வாழும். ஆகவே அந்த ஃபோல்டரை அழித்தால் கிட் போய்விடும். உன் ஃபைல்கள் அப்படியே இருக்கும். பேரேட்டை எரித்தாலும் கடையிலுள்ள சரக்கு அலமாரியில் இருப்பதுபோல. ஆனால் எது எப்போது வந்தது, எப்படி மாறியது என்ற கணக்கு அத்தனையும் போய்விடும், திரும்ப வராது. உனக்கு இப்போது கணக்கே இல்லை என்பதால் கவலையில்லை. ஆறு மாதம் கழித்து அப்படி இருக்காது.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கல்லூரிப் பிள்ளைகளிடம் நான் அடிக்கடி பார்க்கும் பழக்கம் இது: கிட் ஏதாவது புரியாமல் பேசினால் உடனே புள்ளி கிட்டை அழித்துவிட்டு மறுபடி ‘இனிட்’ கொடுப்பது. தவறான ஃபைலை ‘ஆட்’ செய்துவிட்டால் ‘கிட் ரீசெட்’ போதும், ஃபைல் அப்படியே இருக்கும், பட்டியலிலிருந்து மட்டும் இறங்கும். கடைசி கமிட் சரியில்லை என்றால் ‘கிட் கமிட் மைனஸ் மைனஸ் அமெண்ட்’ இருக்கிறது. பிறரிடம் போய்ச் சேர்ந்த கமிட்டை மாற்ற வேண்டுமானால் ‘கிட் ரெவர்ட்’. எங்கே போயிற்று என்றே தெரியாமல் தொலைந்த கமிட்டைக்கூட ‘கிட் ரெஃப்லாக்’ காட்டிக்கொடுக்கும்; அந்தக் குறிப்புகளை கிட் சாதாரணமாக 90 நாள் வரை வைத்திருக்கிறது, எந்தப் பிராஞ்சிலும் ஒட்டாமல் கிடப்பவற்றை 30 நாள். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட்டை எழுதத் தொடங்கியபோது லினக்ஸ் கெர்னலுக்காக எழுதினார். உலகம் முழுக்க இருந்து ஆயிரக்கணக்கானோர் கை வைக்கும் இடத்தில் தவறு நடக்கும் என்று தெரிந்தே கட்டிய கருவி இது. கமிட் செய்தவற்றைப் பொறுத்தவரை அது காப்பாற்ற முடியாத அழிவு, புள்ளி கிட்டையே அழிப்பது.

இப்போது இரண்டாவது சங்கதி. உன் தோழியிடம் ஓடிய வரி உன்னிடம் ஏன் ஓடவில்லை?

நீ அடித்தது ஆர்-எம், ஓர் இடைவெளி, மைனஸ் ஆர்-எஃப், ஓர் இடைவெளி, புள்ளி கிட். (கட்டளைகளை இப்படி வாய்மொழியாக எழுதுவது வேண்டுமென்றேதான். காப்பி எடுத்து ஒட்ட முடியாது. ஒவ்வொரு எழுத்தாக நீயே அடிக்கும்போது என்ன அடிக்கிறோம் என்று கண் பார்க்கும்.) அது யூனிக்ஸ் குடும்பத்துக் கட்டளை. யூனிக்ஸ் 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி கையில் பிறந்தது. லினக்ஸ் அதைப் பார்த்து எழுதப்பட்டது. ஆப்பிள் மேக் 2001 முதல் அதன் வழி வந்த அடித்தளத்தின் மேல் நிற்கிறது. அதனால் உபுண்டுவிலும் மேக்கிலும் அந்த வரி ஒரே மாதிரி ஓடும். விண்டோஸின் வேர் வேறு, அதன் கட்டளைப் பழக்கம் டாஸிலிருந்து வந்தது.

விண்டோஸுக்குள்ளேயே மூன்று ஷெல்கள், அதாவது நாம் அடிக்கும் கட்டளையை வாங்கும் கடைகள், இருக்கின்றன. எல்லோரும் கறுப்பு சன்னல் என்று ஒரே பெயரில் சொல்வதால்தான் பாதிக் குழப்பம். பழைய கமாண்ட் ப்ராம்ப்ட், அதாவது சி-எம்-டி, ஒன்று. 2006இல் வந்த பவர்ஷெல் இன்னொன்று. கிட் நிறுவும்போது கூடவே வரும் கிட் பேஷ் மூன்றாவது. சி-எம்-டிக்கு ஆர்-எம் என்றால் என்னவென்றே தெரியாது. பவர்ஷெல்லுக்குத் தெரியும், ஆனால் அங்கே அது ‘ரிமூவ்-ஐட்டம்’ என்ற நீளமான கட்டளையின் செல்லப்பெயர் மட்டும்தான். பெயரை யூனிக்ஸிலிருந்து வாங்கிக்கொண்டது, பழக்கவழக்கத்தை வாங்கவில்லை. ஆர்-எஃப் என்று ஒரு விருப்பம் என்னிடம் இல்லை என்றுதான் அந்தச் சிவப்பு எழுத்து உன்னிடம் சொன்னது. கோபம் இல்லை, புரியவில்லை என்கிறது. கிட் பேஷில் அதே வரியை அடித்திருந்தால் உபுண்டுவைப் போலவே ஓடியிருக்கும்.

பவர்ஷெல்லில் சொல்ல வேண்டியது: ரிமூவ்-ஐட்டம், மைனஸ் ரிக்கர்ஸ், மைனஸ் ஃபோர்ஸ், புள்ளி கிட். சி-எம்-டியில் ஆர்-எம்-டிர், ஸ்லாஷ் எஸ், ஸ்லாஷ் க்யூ, புள்ளி கிட். இந்த ஆர்-எம்-டிர் வரியை பவர்ஷெல்லில் அடித்தால் மறுபடி சிவப்பு எழுத்து. அங்கே ஆர்-எம்-டிர் என்பதும் அதே ரிமூவ்-ஐட்டத்தின் இன்னொரு செல்லப்பெயர், ஸ்லாஷ் எஸ் என்பதை அது ஏதோ ஒரு பாதை என்று எடுத்துக்கொள்ளும், அடுத்து வருவது புரியாமல் நின்றுவிடும். ‘ஃபோர்ஸ்’ ஏன் என்று நீ கேட்பாய். விண்டோஸில் புள்ளி கிட் மறைத்துவைக்கப்பட்ட ஃபோல்டர். அதற்குள் கிட் சேமிக்கும் ஆப்ஜெக்ட் ஃபைல்கள் படிக்க மட்டும் அனுமதி உள்ளவை. சாதாரணமாகக் கேட்டால் பவர்ஷெல் தயங்கும்.

மறைத்துவைப்பதிலும் இரண்டு குடும்பத்துக்கும் வழி வேறு. விண்டோஸில் ‘இது மறைவானது’ என்று ஃபைலின் மேல் தனியாக ஒரு குறி இட வேண்டும்; விண்டோஸுக்கான கிட் அந்தக் குறியைத் தானே இட்டுவிடுகிறது. யூனிக்ஸில் குறி எதுவும் இல்லை, பெயர் புள்ளியில் தொடங்கினால் போதும், பட்டியலில் வராது. இது யாரும் யோசித்து வைத்த விதியும் இல்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் தன்னைக் குறிக்க ஒற்றைப் புள்ளியும் மேல் ஃபோல்டரைக் குறிக்க இரட்டைப் புள்ளியும் உண்டு. பட்டியலில் இவை இரண்டும் வராமலிருக்க, முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்துத் தள்ளும்படி நிரலை எழுதிவிட்டார்கள். புள்ளியில் தொடங்கிய மற்றதெல்லாமும் சேர்ந்து மறைந்தது. யூனிக்ஸ் குழுவில் இருந்த ராப் பைக் பின்னாளில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: ஒரு குறுக்குவழி, அது இன்று உலகத்துப் பழக்கம். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. கணினியில் ‘இது இப்படித்தான்’ என்று நாம் தலைவணங்கும் பலவற்றுக்குப் பின்னால் யாரோ ஒருவரின் ஒரு மாலை நேரத்து அவசரம் இருக்கிறது. பாதைகளில் விண்டோஸ் சாய்கோட்டை எதிர்ப்பக்கம் சாய்த்துப் போடுவதும் அப்படியே. 1983இல் டாஸ் 2.0இல் ஃபோல்டர்கள் வந்தபோது, நேரான சாய்கோடு கட்டளை விருப்பங்களுக்கு ஏற்கெனவே போய்விட்டிருந்தது. அந்த ஸ்லாஷ் எஸ், ஸ்லாஷ் க்யூ அதன் மிச்சம்தான்.

மறைந்ததைப் பார்க்க, உபுண்டுவிலும் மேக்கிலும் எல்-எஸ் மைனஸ் ஏ. சி-எம்-டியில் டிர் ஸ்லாஷ் ஏ. பவர்ஷெல்லில் டிர் மைனஸ் ஃபோர்ஸ். உன் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ‘வியூ’ என்பதற்குள் ‘ஹிட்டன் ஐட்டம்ஸ்’ என்று டிக் போட்டாலும் தெரியும்.

இவற்றில் எதையும் மனப்பாடம் செய்யாதே. மறந்தால் பார்த்துக்கொள்ளலாம். மறக்கக்கூடாதது ஒன்றுதான்: அழிக்கும் கட்டளைக்கு முன்னால், நான் எந்த ஷெல்லில், எந்த ஃபோல்டரில், எந்தக் கணினியில் நிற்கிறேன் என்று பார்ப்பது. ஷெல்லை ப்ராம்ப்டே சொல்லிவிடும். வரியின் தொடக்கத்தில் பி-எஸ் என்று இருந்தால் பவர்ஷெல். அது இல்லாமல் சி கோலன் என்று மொட்டையாகத் தொடங்கினால் சி-எம்-டி. டாலர் குறி என்றால் பேஷ், சதவீதக் குறி என்றால் பெரும்பாலும் மேக்கின் இசட்-ஷெல். ஃபோல்டரை அறிய பி-டபிள்யூ-டி. அது பவர்ஷெல்லிலும் உண்டு. இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, கவனி. சி-எம்-டியில் சி-டி என்று மட்டும் அடித்தால் ‘நீ நிற்கும் இடம் இது’ என்று காட்டும். அதே இரண்டெழுத்தை உபுண்டுவில் அடித்தால் எதையும் காட்டாது; ஒரு சத்தமும் இல்லாமல் உன்னை வீட்டு ஃபோல்டருக்குக் கொண்டுபோய்விடும். விண்டோஸ் பழக்கத்தில் இடத்தைச் சரிபார்ப்பதாக நினைத்து சி-டி அடித்து, அடுத்த வரியில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தால், சரிபார்த்த செயலே உன்னை இடம் மாற்றியிருக்கும். உன் தோழியின் லேப்டாப்பில் நீ வேலை செய்யும் நாளில் இது ஞாபகம் வரட்டும்.

மூன்றாவது கேள்வி, எந்தக் கணினி என்பது, உனக்கு இப்போது தேவையில்லாததுபோலத் தோன்றும். 2017 ஜனவரி 31இல் கிட்லேப் என்ற நிறுவனத்தில் நடந்ததைக் கேள். கிட் களஞ்சியங்களை ஊருக்கெல்லாம் வைத்துக்காக்கும் நிறுவனம் அது. அவர்களுக்கு இரண்டு தரவுத்தள சர்வர்கள்: முதன்மை ஒன்று, அதைப் பார்த்து நகல் எடுக்கும் இரண்டாவது ஒன்று. நகல் எடுப்பது நின்றுபோயிருந்தது. இரவு நேரம். ஒரு பொறியாளர் நெடுநேரம் போராடி, இரண்டாவதில் உள்ள தரவு ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம் என்று முடிவெடுத்தார். ஆர்-எம் மைனஸ் ஆர்-எஃப் கொடுத்தார். ஓரிரு விநாடியில் தெரிந்தது, நின்றுகொண்டிருந்தது முதன்மை சர்வரில். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் நாலரை ஜிபிதான் மிச்சம். பேக்கப் எடுக்க ஐந்து வழிகள் வைத்திருந்தார்கள். அந்த இரவில் ஒன்றும் எதிர்பார்த்தபடி கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் அதே பொறியாளர் வேறொரு வேலைக்காக எடுத்துவைத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத்தில் சேர்ந்த தரவு போனது போனதுதான்.

அவர்கள் அதை மூடிமறைக்கவில்லை. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள், பிறகு என்ன நடந்தது என்று வரிக்கு வரி எழுதி வெளியிட்டார்கள். செய்யப்போகும் திருத்தங்களில் ஒன்றாக அவர்கள் குறித்தது, ஒவ்வொரு சர்வரின் ப்ராம்ப்டும் தான் எது என்று தெளிவாக வேறுபடுத்திக் காட்ட வேண்டும் என்பது. அந்தப் பொறியாளருக்குக் கட்டளை தெரியாமல் இல்லை. உன்னையும் என்னையும்விட நன்றாகவே தெரியும். எங்கே நிற்கிறார் என்பது அந்த நொடியில் தெரியவில்லை.

சரி, இனி உன் வேலையை வரிசையாகச் செய்வோம். பவர்ஷெல்லில் கிட், இடைவெளி, ரெவ்-பார்ஸ், இடைவெளி, மைனஸ் மைனஸ் ஷோ-டாப்லெவல் என்று அடி. கிட் எந்த ஃபோல்டரைத் தன் வேராகப் பிடித்திருக்கிறது என்று அது சொல்லும். உன் வீட்டு ஃபோல்டரின் பெயர்தான் வர வேண்டும். வேறு ஏதாவது வந்தால் நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய். வீட்டு ஃபோல்டர்தான் என்று உறுதியானால், அழிக்காதே. முதலில் பெயர் மாற்று. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் மறைந்ததைக் காட்டச் செய்து, புள்ளி கிட் மேல் ரைட் க்ளிக் செய்து ‘பழைய கிட்’ என்று பெயரிடு. அந்த நொடியே கிட் அதைத் தன்னுடையது என்று கருதுவதை விட்டுவிடும். திரும்ப கிட் ஸ்டேட்டஸ் கேட்டால் ‘இது கிட் களஞ்சியம் அல்ல’ என்று ஃபேட்டல் என்ற சொல்லோடு பதில் வரும். பயமுறுத்தும் சொல்தான், ஆனால் இன்றைக்கு நமக்கு வேண்டிய பதில் அதுவே. விஎஸ் கோடை மூடித் திற, அந்தப் பத்தாயிரம் காணாமல் போயிருக்கும். இரண்டு நாள் அப்படியே விட்டு, எல்லாம் சரி என்றால் மவுஸாலேயே டெலீட் செய். ரீசைக்கிள் பின்னுக்குப் போகும், தேவையென்றால் எடுக்கலாம். டெர்மினலில் அழித்தது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. மவுஸில் செய்தால் மதிப்புக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதே.

பெயரில் ‘கிட்’ இருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்காதே. புள்ளி கிட்கான்ஃபிக் என்ற ஃபைலும் உன் வீட்டு ஃபோல்டரில்தான் இருக்கிறது. உன் பெயரும் மின்னஞ்சலும் அதில். அது இருக்கட்டும். உன் வீட்டு ஃபோல்டருக்கு உள்ளே வேறு ப்ராஜெக்டுகளை க்ளோன் செய்து வைத்திருந்தால் அவற்றுக்குள் தனித்தனிப் புள்ளி கிட் இருக்கும், அதையும் தொடாதே. இணையத்தில் ‘எல்லாப் புள்ளி கிட்டையும் தேடி அழிக்க ஒரே வரி’ என்று ஒன்று சுற்றுகிறது. அது சொன்னதைச் செய்யும், அதுதான் ஆபத்து. கல்லூரி லேப் கணினியில் கிட்ஹப் கணக்கில் நுழைந்ததாகச் சொன்னாயே, அங்கே ஃபோல்டரை அழித்தாலும் உன் அனுமதி விண்டோஸின் க்ரெடென்ஷியல் மேனேஜரில் தங்கியிருக்கும். கன்ட்ரோல் பேனலில் அதைத் திறந்து கிட்ஹப் என்று உள்ளதை நீக்கு. அந்தக் கணினியின் கிட்கான்ஃபிக்கில் உன் பெயர் இருந்தால் அதையும் எடு. அடுத்து உட்காரும் பிள்ளையின் கமிட்டெல்லாம் உன் பெயரில் விழ வேண்டாம்.

பிறகு புது ஃபோல்டர். நீங்கள் மூவரும் மூன்று வகைக் கணினியில் வேலை செய்கிறீர்கள்: நீ விண்டோஸ், தோழி உபுண்டு, இன்னொருத்தி அண்ணனின் மேக்புக். இதை நான் குறையாகப் பார்க்கவில்லை. நம் மாநிலத்தில் இதற்கு ஒரு வரலாறு உண்டு. 2011இல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது, மாணவர்கள் கைக்கு வந்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னையில் சி-டாக் நிறுவனம் டெபியனை வைத்து உருவாக்கிய இயங்குதளம் அது. எத்தனையோ வீடுகளில் அந்த இரண்டாவது பாதியை யாரும் திறந்தே பார்க்கவில்லை, சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆதங்கம்தான். பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் விண்டோஸையும் உபுண்டுவையும் ஒரே அத்தியாயத்தில் படித்த தலைமுறை நீ. நம் வி.கே.புரத்திலிருந்து அம்பை, கடையம் வழியாகப் பஸ் பிடித்தால் மத்தளம்பாறை. அங்கே சோஹோ நிறுவனத்தில் நம் பக்கத்துப் பிள்ளைகள் உலகத்துக்கு மென்பொருள் எழுதுகிறார்கள். அப்படி ஓர் இடத்துக்குப் போகிறவளுக்கு ஒரு இயங்குதளம் மட்டும் தெரிவது போதாது.

மூன்று கணினிகள் கலந்தால் உங்களுக்கு வரப்போகும் தொல்லைகளை முன்கூட்டியே சொல்கிறேன். வரி முடிவு ஒன்று. விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகள் வைக்கும், மற்ற இரண்டும் ஒன்றுதான் வைக்கும். நீ ஒரு எழுத்தைத் திருத்திச் சேமித்தால் தோழியின் திரையில் ஃபைல் முழுவதும் மாறியதாகத் தெரியலாம். ப்ராஜெக்டின் மேல்தட்டில் புள்ளி கிட்ஆட்ரிப்யூட்ஸ் என்று ஒரு ஃபைல் வைத்து, நட்சத்திரக் குறி, இடைவெளி, டெக்ஸ்ட் சமம் ஆட்டோ என்று ஒரு வரி எழுதிவிடு, தீர்ந்தது. பெரிய எழுத்து சின்ன எழுத்து இன்னொன்று: உபுண்டுவுக்கு இரண்டும் வேறு வேறு ஃபைல், உனக்கும் மேக்குக்கும் ஒன்றே. ஆங்கிலப் பெயர்களைச் சின்ன எழுத்திலேயே வையுங்கள்.

மூன்றாவது நம் தமிழுக்கே உரியது, பொறுமையாகப் படி. அணைகளின் பெயரைத் தமிழிலேயே ஃபைல் பெயராக வைத்திருக்கிறாய். எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது, மாற்றாதே. ஆனால் கிட் ஸ்டேட்டஸ் கேட்டால் ‘கொடுமுடியாறு’ என்பதற்குப் பதில் 340, 256, 225 என்று பின்சாய்கோடுகளோடு எண்கள் வரிசையாக வரும். ஃபைல் கெடவில்லை. ‘க’ என்ற எழுத்து யுடிஎஃப்-8இல் மூன்று பைட்டாகச் சேமிக்கப்படுகிறது. ஆங்கிலம் அல்லாததைக் கண்டால் அந்தப் பைட்டுகளை எட்டின் அடிமான எண்களாகக் காட்டுவது கிட்டின் இயல்புநிலை. கிட் கான்ஃபிக்கில் கோர் புள்ளி க்வோட்பாத் என்பதை ஃபால்ஸ் என்று வைத்தால் தமிழ் தமிழாகவே தெரியும்.

அதே பெயரில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடு இரண்டு விதமாக ஏற்கிறது. ஒற்றைக் குறியாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு துண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. மேக்கின் பழைய கோப்பு முறை பெயர்களைத் துண்டாக்கியே சேமித்துவந்தது. லினக்ஸும் விண்டோஸும் கொடுத்ததை அப்படியே வைக்கும். அதனால் மேக்கிலிருந்து வந்த ‘கொடுமுடியாறு’ம் நீ அடித்த ‘கொடுமுடியாறு’ம் உபுண்டுவில் அடுத்தடுத்து இரண்டு ஃபைலாக நிற்கக்கூடும். ‘பாபநாச’த்துக்கும் ‘மணிமுத்தாறு’க்கும் இந்தத் தொல்லை இல்லை, அவற்றில் ஒகரமோ ஓகாரமோ இல்லை. மேக்கில் கோர் புள்ளி ப்ரீகம்போஸ்யூனிகோட் என்ற அமைப்பு ட்ரூ என்று இருக்கிறதா என்று அந்தப் பிள்ளையைப் பார்க்கச் சொல். வெளிநாட்டிலிருந்து வரும் எந்தப் பாட வீடியோவிலும் உனக்கு இதைச் சொல்லமாட்டார்கள். தமிழில் ஃபைல் பெயர் வைக்கிறவர்கள்தான் கண்டுபிடித்து, எழுதி வைத்து, அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். ரீட்மீ ஃபைலில் நீயே தமிழில் எழுதிவை. அதிலேயே எந்தக் கட்டளையை எந்த ஷெல்லில் அடித்துப் பார்த்தாய் என்றும் குறி; வெறுமனே ‘டெர்மினலில் அடிக்கவும்’ என்று போடாதே. உன்னைக் குழப்பிய வீடியோ அதைச் சொல்லாமல்தான் விட்டது.

முதல் கமிட்டில் நீர்மட்டப் பட்டியல்களையும் புள்ளி கிட்ஆட்ரிப்யூட்ஸ், ரீட்மீ என்ற இரண்டு ஃபைல்களையும் மட்டும் போடு. 2023 டிசம்பர் 17, 18 வெள்ள நாட்களின் அளவுகளை நாளிதழில் இருந்து எடுத்ததாகச் சொன்னாய். கமிட் செய்வதற்கு முன் பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி என்ற முழு நீர்மட்டங்களை எந்த வரியாவது தாண்டுகிறதா என்று பார். தாண்டினால் தட்டச்சில் தவறியிருக்கும். ‘ஆட்’ கொடுக்கும்போது புள்ளியைப் போட்டு எல்லாவற்றையும் அள்ளாதே, ஃபைல் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சேர். அதற்கு முன் பி-டபிள்யூ-டி. கிட்ஹப்பில் ஏறியதும் லிங்கை அனுப்பு, நானும் என் உபுண்டுவில் க்ளோன் செய்து கொடுமுடியாறு ஒன்றாக வருகிறதா இரண்டாக வருகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
மாமா